கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம்

கன்சர்வேஷன் ரிசர்வ் புரோகிராம் (சி.ஆர்.பி.) என்பது, நிலத்தை உழாமல் விட்டுவைக்கும் உழவர்களுக்கும் நில உடைமையாளர்களுக்கும் அமெரிக்க அரசு ஆண்டுதோறும் குத்தகைப் பணம் தரும் திட்டம். எளிதில் மண் அரிக்கும் விளைநிலத்தில் சாகுபடியை நிறுத்தி, புல்லோ மரமோ வளர்த்து 10 முதல் 15 ஆண்டுகள் வரை பராமரிப்பதாக ஒப்பந்தம் போடப்படுகிறது. 1985 டிசம்பரில் அதிபர் ரொனால்டு ரீகன் கையெழுத்திட்ட உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொடங்கிவைத்தது. வேளாண்மைத் துறையின்கீழ் உள்ள ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி இதை நடத்துகிறது.

இதன் வேர் 1930களின் புழுதிப் புயல்களில் இருக்கிறது. வறட்சியில் காய்ந்து கிடந்த உழவுநிலங்களின் மேல்மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14 அன்று அடித்த புயல் 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர்பெற்றது. அதே மாதம் மண்வளப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இல் வந்த 'சாயில் பேங்க்' திட்டமும் நிலத்தைத் தரிசாக விடப் பணம் கொடுத்தது. அந்த ஒப்பந்தங்கள் முடிந்தன. 1972இல் சோவியத் ஒன்றியம் பெருமளவில் தானியம் வாங்கியதும் விலை ஏறியது. புல் வளர்ந்த நிலங்களில் மீண்டும் கலப்பை இறங்கியது. 1980களில் விளைச்சல் மிஞ்சி விலை சரிந்து, உழவர்கள் கடனில் தவித்தபோதுதான் சி.ஆர்.பி. பிறந்தது. மண்ணைக் காப்பதோடு உபரி விளைச்சலைக் குறைப்பதும் அப்போதைய நோக்கம்.

இத்திட்டத்தில் நிலத்தைச் சேர்க்கும் பொதுச் சேர்க்கை ஏலமுறையில் நடக்கிறது. உழவர் தமது மாவட்ட அலுவலகத்தில், எந்த நிலம், என்ன விதைப்பார், ஏக்கருக்கு என்ன வாடகை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறார். அரிப்புத் தடுப்பு, நீரின் தூய்மை, காட்டுயிர்களுக்கான பயன், செலவு முதலியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் உண்டு. ஒரே வகை அயல்நாட்டுப் புல்லை விதைப்பவரைவிட, அந்த மண்ணுக்குரிய பல புல், பூச்செடி விதைகளைக் கலந்து விதைப்பவருக்கு மதிப்பெண் கூடும். குறைந்த வாடகை கேட்டாலும் கூடும். விதைப்புச் செலவில் பாதி வரை அரசு ஏற்கிறது. பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பொதுவாகப் புல் அறுக்கக் கூடாது. கடும் வறட்சியில் அவசர மேய்ச்சலுக்கு அனுமதி கிடைக்கும்.

பலன் கண்கூடானது. வட டகோட்டா, தென் டகோட்டா, மொன்டானா பகுதிகளின் குட்டை நிலங்களைச் சுற்றி வளர்ந்த புல்வெளியால் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் வாத்துகள் கூடுதலாகப் பெருகின என ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. இத்தனைக்கும் தொடக்கத்தில் பறவைகள் திட்டத்தின் முதன்மை இலக்காக இருக்கவில்லை.

குறைகளும் சிறியவை அல்ல. பணம் நிலம் வைத்திருப்பவருக்கே முதலில் போகிறது. குத்தகைக்கு நிலம் தேடும் இளம் உழவருக்கு அரசே போட்டியாக நிற்கிறது. சாகுபடி குறைந்த ஊர்களில் உரக்கடைகளுக்கும் தானியக் கிடங்குகளுக்கும் வியாபாரம் படுத்தது. அதனால்தான் பொதுவாக ஒரு மாவட்டத்தின் விளைநிலத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம் ஒப்பந்தத்தின் ஆயுள். 2007இல் 3.68 கோடி ஏக்கர் வரை இத்திட்டத்தில் இருந்தது. எத்தனால் தேவையால் மக்காச்சோள விலை ஏறியதும், காலாவதியான ஒப்பந்தங்களைப் பலர் புதுப்பிக்கவில்லை. 2014 வேளாண் சட்டம் உச்சவரம்பையே 2.4 கோடி ஏக்கராகக் குறைத்தது. 2018 சட்டம் அதை 2023க்குள் 2.7 கோடியாக உயர்த்தியது. ஆனால் வாடகையை, பொதுச் சேர்க்கைக்கு மாவட்டச் சராசரியில் 85 விழுக்காடு என்று கட்டுப்படுத்தியது. சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு உழவர் உழாமல் இருக்க வேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமாகாது. பல ஆண்டுகள் செலவிட்டு வளர்த்த புல்வெளியை, ஒப்பந்தம் முடிந்தபின் உரிமையாளர் ஒரே பருவத்தில் உழுதுவிடலாம்; எளிதில் அரிக்கும் நிலமாக இருந்தால், அரசின் மற்ற மானியங்களைப் பெற மண் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைப் பின்பற்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.