ஆறு குண்டுத் துப்பாக்கியில் ஐந்து தோட்டா

1876ஆம் ஆண்டு ஜனவரி 9, ஞாயிற்றுக்கிழமை இரவு. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விச்சிடா என்ற ஊர். அங்கே ஒரு மதுக்கடையின் பின்னறையில் இரண்டு மூன்று பேருடன் உட்கார்ந்திருந்தார் ஒரு போலீஸ்காரர். இடுப்பு உறையிலிருந்து அவருடைய ரிவால்வர் நழுவி விழுந்தது. போகிற வழியில் நாற்காலியில் இடித்தது. டுமீல்! குண்டு அவர் கோட்டைத் துளைத்து, சுவரில் பட்டுத் தெறித்து, கூரை வழியாக வெளியே போனது. அறையில் இருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள்.

அந்தப் போலீஸ்காரர் வேறு யாருமல்ல, வியாட் ஏர்ப். 1881இல் ஓ.கே. கொரால் சண்டையால் பெயர் பெற்று, பிறகு ஹாலிவுட்டுக்குப் படம் படமாகக் கதை கொடுத்த அதே ஆள்தான்!

யாரும் விசையைத் தொடவில்லை. பிறகு எப்படி வெடித்தது?

1873இல் வந்த புகழ்பெற்ற கோல்ட் ரிவால்வரைப் பார்த்தால் விஷயம் புரியும். அதன் சுத்தியலின் முகத்திலேயே கூரான முள் இருக்கும். சுத்தியல் கீழே படிந்திருக்கும்போது அந்த முள், நேர் எதிரே உள்ள தோட்டாவின் வெடிமருந்து மூடியைத் தொட்டபடி நிற்கும். பின்பக்கம் ஒரு அடி விழுந்தால் போதும். இதைத் தடுக்க சுத்தியலில் ஒரு சின்ன வெட்டு வைத்திருந்தார்கள். அதில் மாட்டினால் முள் கொஞ்சம் பின்வாங்கி நிற்கும். ஆனால் பலமாக அடிபட்டால் அந்த மெல்லிய பல்லே உடைந்துவிடும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் இயந்திரத்தை நம்பவில்லை. ஒரு தோட்டா போடு, ஒரு குழியை விடு, நான்கு போடு, சுத்தியலை முழுதாக இழுத்து மெதுவாக இறக்கு. இப்போது சுத்தியலுக்கு எதிரே இருப்பது காலிக் குழி. ஆறு குண்டுக்குக் காசு கொடுத்து வாங்கியவன் ஐந்தோடு நடமாடினான்.

இந்தக் குறையை வியாபாரமாக்கியது மாசசூசெட்ஸில் இருந்த ஐவர் ஜான்சன் நிறுவனம். 1890களில் வந்த அதன் ரிவால்வரில் சுத்தியலுக்கும் முள்ளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. விசையை இழுத்தால்தான் நடுவில் ஒரு தகடு மேலே வந்து அடியைக் கடத்தும். சுத்தியலைச் சுத்தியலாலேயே அடித்துப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னொரு விளம்பரத்தில் கட்டிலில் ஒரு சின்னப் பெண் பொம்மையோடு, கையில் ரிவால்வரையும் வைத்திருப்பாள். இது நம்மை ஒன்றும் செய்யாதாம், அப்பா சொன்னார் என்பது அதன் வாசகம். அந்தத் தகடு, கீழே விழும் துப்பாக்கியைத்தான் தடுக்கும். விசையில் இருக்கும் குழந்தையின் விரலை அதற்கு அடையாளம் தெரியாது. 1901இல் ஜனாதிபதி மெக்கின்லியைச் சுட்டதும் ஒரு ஐவர் ஜான்சன்தான்.

இவ்வளவு இருந்தும் பழைய அமைப்பு மறையவில்லை. 1953 முதல் ரூகர் நிறுவனம் கோல்ட் பாணியில் ரிவால்வர்கள் செய்து விற்றது. கௌபாய் படங்கள் ஓடிய காலம், நன்றாகவே விற்றது. கூடவே பழைய ஆபத்தும் வந்தது. விபத்துகள் நடந்தன, வழக்குகள் தொடுக்கப்பட்டன. 1979இல் ஒன்று அலாஸ்கா உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்கு முன்பே, 1973இல், ரூகர் தகடு வைத்த புதிய மாதிரிக்கு மாறியிருந்தது. இனி ஆறு குழியிலும் தோட்டா போடலாம். ஆனால் ஏற்கனவே விற்றுப்போனவை? 1982இல் ஓர் அறிவிப்பு வந்தது: பழைய துப்பாக்கியை அனுப்புங்கள், பாதுகாப்பு அமைப்பை இலவசமாகப் பொருத்தித் தருகிறோம்.

இலவசம் என்றால் வரிசையில் நிற்பார்கள் என்றுதானே தோன்றும்? பலர் அனுப்பவே இல்லை. விசையின் பழைய மென்மை போய்விடும் என்றார்கள் சிலர். சேகரிப்பவர்களோ மாற்றம் செய்யாத துப்பாக்கிக்குத்தான் அதிக விலை கொடுக்கிறார்கள். அதனால் கழற்றிய பழைய பாகங்களையும் கம்பெனியே உரியவருக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு இன்றும் ஐந்து தோட்டாதான் கணக்கு.