மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தால் மனம் ஏன் ஊருக்குப் போகிறது?

ஜேர்மனியில் ஐம்பது வயதைத் தாண்டிய எங்கள் ஆட்களுக்குக் குடும்ப வைத்தியர் சொல்லும் ஆலோசனை ஏறக்குறைய ஒன்றுதான். குருதி அழுத்தம் கூடியிருக்கிறது, நித்திரை குறைந்திருக்கிறது, மருந்தோடு ஏதாவது ஒரு தளர்வுப் பயிற்சியும் செய்யுங்கள், தினமும் பத்து நிமிடம் அமைதியாக இருந்து மூச்சைக் கவனியுங்கள் என்கிறார். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்து கண்ணை மூடுகிறோம். மூன்று மூச்சு போவதற்குள் வரி அலுவலகக் கடிதம் வந்து நிற்கிறது. அதன் பின்னால் மகளின் கல்யாணம், ஊரில் எல்லை பிரிக்காத காணி, முப்பது வருடத்துக்கு முன் ஒருவர் சொன்ன ஒரு சொல். மூன்றாம் நாள், "எங்களுக்கு மனம் அடங்காது, இது சாமிமாருக்கு உரிய வேலை" என்று விட்டுவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்த மூன்றாம் நாளைப் பற்றியது. நாங்களும் அதில் விட்டவர்கள்தான், ஒரு முறை அல்ல.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். எங்களில் பலர் மூச்சுத் தியானம் என்றதும் பிராணாயாமத்தை நினைக்கிறோம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை உள்ளிழுக்கப் 16, அடக்க 64, வெளிவிட 32 என்று அளவு வகுத்திருக்கிறார். அது மூச்சை ஆளும் பயிற்சி. குரு பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டியது. வைத்தியர் சொல்வது வேறு. இதில் மூச்சை நீட்டுவதும் இல்லை, அடக்குவதும் இல்லை. அது தானாகப் போய் வருகிறது, நாங்கள் மூக்கு நுனியிலோ வயிற்றிலோ அதைக் கவனிக்கிறோம், அவ்வளவுதான். இருதய வருத்தம் உள்ளவர்கள் இரண்டையும் கலந்து மூச்சை அடக்கிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறோம். அது வேண்டாம்.

மனம் அலைவது உங்கள் தனிப்பட்ட குறை அல்ல. 2010ஆம் ஆண்டு ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தின் இரண்டு உளவியலாளர்கள் 2,250 பேரைக் கைத்தொலைபேசி வழியாக நாளின் பல நேரங்களில் இடைமறித்து, "இப்போது செய்யும் வேலையில்தான் உங்கள் மனம் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். ஏறக்குறைய 47 சதவீதப் பதில்களில் மனம் வேறெங்கோ இருந்தது. தியானத்தில் உட்கார்ந்தவர்களிடம் கேட்டது அல்ல, சாதாரணமாக நடமாடியவர்களிடம் கேட்டது. ஆகவே தியானம் மனத்தை அலைய வைப்பதில்லை. எப்போதும் அலைந்துகொண்டிருந்ததை முதல் முறையாகக் காட்டுகிறது.

அமெரிக்காவின் எமொரி பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான இன்னோர் ஆய்வு பயனுள்ளது. மூச்சைக் கவனிப்பவர்களின் மூளையைப் படம் பிடித்து, இந்தப் பயிற்சியை நாலு கட்டங்கள் கொண்ட ஒரு சுற்றாகப் பிரித்தார்கள். மனம் அலைகிறது, அலைந்துவிட்டது என்று தெரிகிறது, கவனம் திரும்புகிறது, சிறிது நேரம் மூச்சில் நிற்கிறது, பிறகு மறுபடி அலைகிறது. அதில் கலந்துகொண்டவர்கள் புதியவர்கள் அல்லர், பழகியவர்கள். அவர்களுக்கும் இந்தச் சுற்று இருந்தது. நாங்கள் "தோல்வி" என்று நினைத்த அந்த இரண்டாவது கட்டம், அதாவது "அட, எங்கேயோ போய்விட்டேன்" என்று விளங்கும் கணம், பயிற்சியின் நடு மையம். பத்து நிமிடத்தில் முப்பது தடவை மனம் போய் முப்பது தடவை திரும்பினால் முப்பது தடவை பயிற்சி நடந்திருக்கிறது.

சரி, திரும்புவது எப்படி? "எண்ணங்களை மேகம் போலப் போகவிடுங்கள்" என்று மாலை வகுப்புகளில் சொல்வார்கள். எங்கள் மேகங்கள் போவதில்லை, தலைக்கு மேல் நின்று மழை பெய்கின்றன. இதைப் பற்றித் தெளிவாக எழுதிய ஒருவரை நாங்கள் தேடிக் கண்டபோது, அவர் எங்கள் பாதையை எதிர்த்திசையில் போனவராக இருந்தார்.

பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் ஹனாவ் என்ற நகரம் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கும் தெரிந்த ஊர்தான். அங்கே 1901இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் சீக்மண்ட் ஃபெனிகர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பின் தாயாரோடு வியன்னாவுக்குப் போனார். 1936இல் இலங்கை வந்து, தொடந்துவையில் ஒரு வாவித் தீவில் இருந்த மடத்தில் சேர்ந்து, ஞானபொனிக என்ற பெயரில் பிக்குவானார். அந்த மடத்தை 1911இல் தொடங்கியவரும் ஒரு ஜேர்மானியர்தான், வீஸ்பாடனில் பிறந்த ஞானதிலோக தேரர். தாயாரையும் பின்னர் இலங்கைக்கு அழைத்துக்கொண்டார். அங்கும் நிம்மதி கிடைக்கவில்லை. உலகப் போர் தொடங்கியதும் பிரித்தானிய அரசு ஜேர்மன் கடவுச்சீட்டு வைத்திருந்தவர்களை எதிரி நாட்டவர் என்று பிடித்தது. நாசிகளிடமிருந்து தப்பி வந்த யூதர் ஜேர்மானியராகவே தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டார், பிறகு வட இந்தியாவின் டேராடூன் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். 1946 வரை அங்கேதான் இருந்தார். திபெத்துக்குத் தப்பியோடிப் பிற்காலத்தில் பெயர்பெற்ற மலையேறி ஹைன்ரிக் ஹாரரும் அதே முகாமில் இருந்தவர். ஞானபொனிக ஓடவில்லை, உட்கார்ந்து பாளி நூல்களை ஜேர்மனுக்கு மொழிபெயர்த்தார். போருக்குப் பின் பர்மாவுக்குப் போய், மகாசி சயாடோ என்ற குருவிடம் வயிற்றின் ஏற்ற இறக்கத்தைக் கவனிக்கும் முறையைக் கற்றார். 1994இல் காலமாகும்வரை கண்டியில் வாழ்ந்தார்.

ஒரு பௌத்த பிக்குவிடமிருந்து நாங்கள் எதைக் கற்பது என்று சில வாசகர்களுக்குக் கோபம் வரலாம். எங்களுக்கும் முதலில் தயக்கம் இருந்தது. காவி உடையோடு எங்களுக்கு இருக்கும் நினைவுகள் அப்படி. ஆனால் முகாம், கடவுச்சீட்டு, வயதான தாய், திரும்ப முடியாத ஊர் என்பவை இவருக்குப் புத்தகத்தில் படித்த விஷயங்கள் அல்ல. அந்த மனிதர் மனத்தின் அலைச்சலைப் பற்றி எழுதினால் கேட்கலாம் என்று முடிவு செய்தோம்.

கவன விழிப்பின் ஆற்றலைப் பற்றி அவர் எழுதிய சிறு நூலில், தியானத்தின் இடைஞ்சல்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய மூன்று காரியங்களைச் சொல்கிறார். எங்கள் வார்த்தையில் இப்படி வரும். முதலாவது, இடைஞ்சலைத் தெளிவாக, ஆனால் லேசாகக் கண்டுகொள்வது. பக்கத்து வீட்டில் துளைக்கும் இயந்திரம் ஓடுகிறது. "சத்தம்" என்று தெரிந்துகொண்டு மூச்சுக்குத் திரும்புங்கள். ஞாயிற்றுக்கிழமை துளைப்பதற்கு இந்த நாட்டில் தடை இருக்கிறதே, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதலாமா என்று விபரத்துக்குள் இறங்கினால் அதோடு பத்து நிமிடமும் போய்விடும். பெரும்பாலான இடைஞ்சல்கள் இந்த முதல் படியிலேயே விழுந்துவிடுகின்றன.

விழாவிட்டால் இரண்டாவது. அதே லேசான கவனிப்பைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்வது. எரிச்சல் வந்தால் அந்த எரிச்சலும் இன்னோர் இடைஞ்சல்தான். அதையும் "எரிச்சல்" என்று கண்டுகொள்ள வேண்டும். இந்தப் படியில்தான் நாங்கள் அதிகம் தவறினோம். மனத்தைத் திட்டித் திட்டி இழுத்து வந்தோம். திட்டு வாங்கிய மனம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, வந்து உட்காரும், பாடத்தைக் கேட்காது.

அதுவும் சரிவராவிட்டால் மூன்றாவது. மூச்சை விட்டுவிட்டு, முழுக் கவனத்தையும் வேண்டுமென்றே இடைஞ்சலின் பக்கம் திருப்புவது. முழங்கால் நோகிறதா? அந்த நோவையே தியானப் பொருளாக எடுங்கள். எங்கே தொடங்குகிறது, துடிக்கிறதா, எரிகிறதா, கூடுகிறதா, குறைகிறதா என்று பாருங்கள். அது ஓய்ந்த பின் மூச்சுக்கு வாருங்கள். இப்படிச் செய்யும்போது அது இடைஞ்சலாகவே இல்லாமல் போகிறது என்பது அவருடைய விளக்கம். நாரி நோவில் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். நோ போகவில்லை, ஆனால் அதோடு சேர்ந்து வந்த "இனி எப்படி வேலைக்குப் போவது" என்ற பயம் தனியாகப் பிரிந்து தெரிந்தது. எங்களை வருத்தியதில் பாதி அந்தப் பயம்தான்.

இதே நூலில் அவர் பெயரிடுதல், ஒழுங்குபடுத்துதல் என்று இரண்டு சொற்களைப் பாவிக்கிறார். வர்த்தகம் படித்த எங்களுக்கு இது உடனே பிடித்துக்கொண்டது. பரீட்சை மீதி சமப்படாத இரவில், வேறுபாட்டைத் தொங்கற் கணக்கில் போட்டுவிட்டு மிச்ச வேலையைப் பார்ப்போம் அல்லவா? அது வேறுபாட்டை மறைப்பது அல்ல, பெயர் எழுதி ஓர் இடத்தில் வைப்பது. "கவலை" என்று பெயர் வைத்த கவலையும் அப்படித்தான். தியானம் முடிந்த பின் எடுத்துப் பார்க்கலாம். உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலைகள் திரும்பத் திரும்ப வந்தால், உட்காருவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

எண்ணிக்கையும் உதவும். ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் இருந்து விசுத்திமார்க்கம் எழுதிய புத்தகோசர், தன் உரை ஒன்றின் முடிவில் காஞ்சிபுரத்தில் தங்கியதைக் குறிப்பிடும் மனிதர், மூச்சை எண்ணுவதற்கு விதி சொல்லியிருக்கிறார். ஐந்துக்குக் குறைய நிறுத்தக் கூடாது. பத்துக்கு மேல் போகக் கூடாது. இடையில் விடக் கூடாது. ஐந்துக்குக் குறைந்தால் ஒடுங்கிய பட்டியில் அடைத்த மாடுகள் போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து தொடங்குவது இன்று பலர் சொல்லும் வழக்கம். நாங்கள் 37, 38 என்று எண்ணிக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்திருக்கிறோம். கணக்காளருக்கு அது சுலபம், அந்நேரம் மனம் எங்கோ இருக்கும்.

வெளி ஒழுங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலத்தில் சம்மணமிட வேண்டியதில்லை, கதிரை போதும், பாதம் நிலத்தில் படட்டும். சாப்பிட்டவுடன் வேண்டாம். இரவு வேலை முடித்து வந்தவர்கள் முதலில் நித்திரை கொள்ளுங்கள். தூங்கி விழுவது தியானம் அல்ல, உடம்பு கேட்கும் கடன். கைத்தொலைபேசியை வேறு அறையில் வையுங்கள். எங்களுக்கு இதில் தனிப் பிரச்சினை உண்டு. இங்கே காலை ஆறு மணி என்றால் குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்தரை. ஊர் விழித்துத் தொலைபேசி எடுக்கும் நேரம். ஐந்தரைக்கு உட்காருவது அல்லது வீட்டாருக்குச் சொல்லி வைப்பது.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். மேலே சொன்னவை எல்லாம் சத்தம், நோ, கவலை, பகற்கனவு ஆகியவற்றுக்கு உரியவை. போரைக் கண்டவர்களுக்கு வருவது எல்லாம் அலையும் எண்ணம் அல்ல. எங்களில் ஒருவர் கண்ணை மூடி மூச்சைக் கவனித்த முதல் வாரமே பதுங்குகுழிக்குள் போய்விட்டார். ஷெல் விழும்போது குழிக்குள் பிள்ளைகளின் வாயைப் பொத்திக்கொண்டு, தன் மூச்சுச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு இருந்தவர் அவர். அவருக்கு மூச்சு ஓய்வு தரும் பொருள் அல்ல, அதுவே கதவு. இப்படி உடம்பு நடுங்கி, நெஞ்சு அடித்து, இருக்கும் இடம் மறந்து வருகிற நினைவுக்கு மூன்றாம் படியைப் பாவிக்காதீர்கள். அதற்குள் முழுக் கவனத்தோடு இறங்குவது காயத்தைக் கிளறும். கண்ணைத் திறவுங்கள். பாதம் நிலத்தில் படுவதைப் பாருங்கள். அறையில் உள்ள ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள். எழுந்து நடவுங்கள். அன்றைக்கு நிறுத்துவது தோல்வி அல்ல. டேவிட் ட்ரெலீவன் என்பவர் 2018இல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மூச்சுக்குப் பதிலாகப் பாதம், கை, வெளிச் சத்தம் போன்றவற்றைக் கவனப் பொருளாக எடுக்கலாம் என்பது அவர் வழி. எங்கள் நண்பர் இப்போது நடந்தபடி பாதத்தைக் கவனிக்கிறார். மூச்சுப் பக்கம் போவதில்லை.

அது திரும்பத் திரும்ப வந்தால் தனியே சமாளிக்க வேண்டாம். ஜேர்மனியின் பல நகரங்களில் அகதிகளுக்கும் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்குமான உளசமூக மையங்கள் இருக்கின்றன, மொழிபெயர்ப்பாளரோடு கதைக்கலாம். காத்திருப்புக் காலம் நீளமாக இருக்கும், ஆகவே முந்தியே பதியுங்கள். முப்பது வருடம் கழித்தா என்று வெட்கப்படுகிறவர்களுக்கு: வேலையும் பிள்ளைகளும் இருந்தவரை அது அடங்கிக் கிடக்கும், ஓய்வு வரும்போது எழும்பும். எங்கள் வயதில் இப்போது நடப்பது அதுதான்.

காசு விபரம் ஒன்று. சமூகச் சட்டத் தொகுப்பின் ஐந்தாம் புத்தகம் 20ஆம் பிரிவின்படி, சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதிகள் அங்கீகரிக்கப்பட்ட மன அழுத்தக் குறைப்பு வகுப்புகளுக்குக் கட்டணத்தின் பெரும் பகுதியைத் திருப்பித் தருகின்றன. வழக்கமாக எட்டு வாரம். பெரும்பாலும் 80 சதவீத வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும், முடிவில் சான்றிதழை அனுப்ப வேண்டும். சேருவதற்கு முன்பே உங்கள் காப்புறுதியிடம் கேட்டு, அந்த வகுப்பு அங்கீகாரம் பெற்றதா என்று உறுதிப்படுத்துங்கள்.

வகுப்பு ஜேர்மன் மொழியில் நடக்கும். ஆசிரியர் சொல்வதை மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டிருந்தால் அதுவே பெரிய இடைஞ்சல். சொன்னதை விளங்கிக்கொண்டு, உட்கார்ந்த பின் உங்கள் பாட்டில் விடுங்கள். பெயரிடுவதை மட்டும் தமிழிலேயே செய்யுங்கள், வருகிற எண்ணங்கள் தமிழில்தான் வருகின்றன. எங்களுக்குச் சத்தம், நோ, யோசனை, ஏக்கம் என்று நாலு சொல் போதுமாக இருந்தது. சிலர் ஐந்தாவதாகக் "காணி" என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள்.