பென்ஷன் என்றொரு வாக்கு

வடசென்னைக் குப்பையெல்லாம் வந்து குவிந்த கொடுங்கையூர் மேட்டுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் நான். "கார்ப்பரேஷன் வேலைன்னா சாகிற வரைக்கும் கஞ்சி உண்டு" என்பார் எங்க தாத்தா. அந்த வாக்கை நம்பித்தான் நம்ம சேரிகளில் விளக்குமாறு தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது.

வாக்கை எப்படிப் பிடுங்கினார்கள்? 2000-இல் சென்னையின் மூன்று மண்டலக் குப்பையை ஓனிக்ஸ் என்ற அயல்நாட்டுக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் அரசு வேலையில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்றார்கள். சம்பளத்தில் 10 சதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம் வந்தது. ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர்களுக்கு அந்தப் பென்ஷன் பேச்சே இல்லை.

அடுத்த வருஷமே, 2004 டிசம்பர் 26, சுனாமி. நாகப்பட்டினத்தில் அழுகிய பிணங்களை அள்ள வேறு ஊர் நகராட்சிகளிலிருந்து நம்ம சனங்களைத்தான் கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்தில் சென்னைச் சகதியை வாரியதும் இவர்களே. 2020 கொரோனாவில் 'முன்களப் பணியாளர்' என்று மாலை போட்டார்கள்.

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போயின. பணி நிரந்தரம் கேட்டு, ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பத்து வருஷத்துக்கு மேல் பெருக்கியவர்கள் பலர். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது.

நிரந்தரம் என்ற சொல்லுக்குள்தான் முதுமைக்கான சோறு இருக்கிறது. அதனால்தான் அதைத் தர மறுக்கிறார்கள்.

ஒப்பந்தத்திலேயே உழைத்து ஓய்ந்த எங்க சித்தி கேட்கிறாள்: "வெள்ளத்துல, கொரோனாவுல கூப்பிட்டப்ப, நீ பர்மனென்டா காண்ட்ராக்டான்னு எவனாச்சும் கேட்டானா?"