ஆதகூர்க் கல்லும் சொற்கேட்கும் நாயும்

பெங்களூரில் வாழும் தமிழரிற் பலர் கப்பன் பூங்காவை ஒட்டிய கஸ்தூர்பா சாலை வழியே நாள்தோறும் சென்று வருகின்றனர். அச்சாலையிற் செந்நிறக் கட்டடமாக நிற்கும் அரசு அருங்காட்சியகத்தில் ஒரு பழங்கன்னடக் கல் இருக்கிறது. நம்மவர் அதனைக் காண்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அக்கல் சோழர் அடைந்த ஒரு பெருந்தோல்வியைக் கூறுவது. அதே மூச்சில் ஒரு நாயின் புகழையும் கூறுவது.

கி. பி. 949-இல், இன்றைய அரக்கோணத்திற்கு அண்மையிலுள்ள தக்கோலத்தில் ஒரு பெரும்போர் நிகழ்ந்தது. இராட்டிரகூட மன்னனான மூன்றாம் கிருஷ்ணனும் அவனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனும் ஒருபுறம். முதற் பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் மறுபுறம். யானைமீதிருந்த சோழ இளவரசன் பூதுகன் கையால் மாண்டான். தொண்டை நாடு சோழர் கையை விட்டு நழுவியது. தமிழ்நாட்டு வரலாற்று நூல்களில் இப்போர் சில பக்கங்களை நிரப்பும். ஆனால் அப்போரின் விளைவுகளுள் ஒன்றாக ஒரு வேட்டை நாய் கைமாறியது என்பதை அந்நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

பூதுகனின் படையில் மணலேரன் என்னும் வீரன் இருந்தான். போரில் அவன் காட்டிய ஆண்மையை மெச்சி, வேண்டியதைக் கேட்கும்படி அவனுக்குக் கூறப்பட்டது. ஊரைக் கேட்டிருக்கலாம், பொன்னைக் கேட்டிருக்கலாம். அவன் காளி என்னும் பெயருடைய நாயைக் கேட்டான்! பின்னர் ஒருநாள் ஒரு பெரும் காட்டுப்பன்றியின்மேல் காளி ஏவப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று விடாமற் பொருது இரண்டுமே மடிந்தன. இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில், சல்லேசுவரர் கோயிலின் முன் அந்நாய்க்காக ஒரு கல் நடப்பட்டது; நிலமும் விடப்பட்டது. நாயும் பன்றியும் பொருதும் காட்சி அக்கல்லிலேயே செதுக்கப்பட்டுள்ளது. சுற்றிலும் எழுத்துகள், நடுவே அவ்விரு விலங்குகள். நாம் அதனை முதன்முறை கண்டபோது, தக்கோலத்தைப் பற்றிய வரிகளைத் தேடிச் சென்ற கண், அந்தச் சிறு சிற்பத்தை விட்டு அகல மறுத்தது.

இவ்வகைப் பெருந்தன்மை கன்னட நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஆதகூர்க் கல்லுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு முற்பட்ட நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது அது. ஆநிரைக்காக நிகழ்ந்த பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் விழுந்தான். அவனுடைய நாய் கோவிவன் கள்வர் இருவரைக் கடித்து, அவ்விடத்தைக் காத்து நின்றது. வீரனின் பெயரோடு நாயின் பெயரும் கல்லில் ஏறியது, உருவமும் ஏறியது. மன்னரும் மறவரும் பெயர் பெறுவதே அரிதாயிருந்த கல்லில் ஒரு நாய்க்கு இடம் கிடைத்தது என்றால், அந்நாயை வளர்த்தோர் அதனை வெறும் காவற்பொருளாகக் கருதவில்லை என்பது தெளிவு.

பெயரைப் பற்றி இடையே ஒரு சொல். கிரேக்க அறிஞன் செனபோன், கிறித்துவுக்கு நான்கு நூற்றாண்டு முன்னரே, வேட்டையைப் பற்றி எழுதிய நூலில், நாய்க்குக் குறும்பெயரே இடவேண்டும், அப்போதுதான் விளித்தற்கு எளிதாகும் என்றான். காளி என்பது அவ்விதிக்கு முற்றும் பொருந்தும். கோவிவன் சற்று நீளம்தான். எடுத்தனூரார் வீட்டில் அதனைச் சுருக்கித்தான் அழைத்திருப்பர் என்று நமக்குத் தோன்றுகிறது.

இனி, நாயைச் சொற்கேட்கச் செய்யும் கலைக்கு வருவோம். 'அடியாத மாடு படியாது' என்பது நம்மவர் பழமொழி. நாய்க்கும் அதுவே விதி என்று நெடுங்காலம் எண்ணினர்; நம் நாட்டில் மட்டுமன்று, மேலை நாடுகளிலும் அவ்வாறே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்மனியில் கொன்ராட் மோஸ்ட் என்னும் காவல் அதிகாரி காவல்துறைக்கென நாய்களைப் பழக்கினார். 1910-இல் அம்முறையை நூலாக்கினார். கழுத்துப்பட்டையைச் சுண்டியிழுத்தலும் வன்முறையால் பணிய வைத்தலும் அதில் உண்டு. ஆயினும் அவரைக் கொடியவர் என்று ஒதுக்குவது பொருந்தாது. நாய் மனிதனைப் போல எண்ணுவதில்லை, செயலோடு உடனே சேர்ந்துவரும் இன்பமும் துன்பமுமே அதற்கு ஆசான் என்பதைத் தெளிவாக உணர்ந்தவர் அவர். அவரைப் பின்பற்றியோர் துன்பத்தை இறுகப் பற்றிக்கொண்டு, இன்பத்தை மறந்ததே குறை.

அதே காலத்தில் பிரிட்டனில் ரிச்சர்ட்சன் என்னும் படை அதிகாரி வேறு வழியிற் சென்றார். முதல் உலகப் போரில் 1917-இல் அவர் பொறுப்பில் போர் நாய்களுக்கு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. குண்டு மழையினூடே செய்தி கொண்டு ஓட வேண்டிய நாய் அது; அதனைக் கயிற்றால் இழுப்பார் எவரும் உடன் இரார். அஞ்சிய நாய் பதுங்கிவிடும். தன் ஆசானிடம் சேர விரும்பிய நாயே ஓடிவரும். எனவே தவறிய நாயை அடித்தல் கூடாது, மீண்டும் கற்பித்தலே முறை என்பது அவர் கொள்கை. கயிறு எட்டாத இடத்தில் எது பயன்படும் என்னும் கேள்வியைப் போர்க்களம் அன்றே எழுப்பிவிட்டது. பின்வந்தோர் அதனை மறந்தனர் என்பது வியப்பே.

போட்டிகள் எழுந்த கதை இதனினும் இனியது. அமெரிக்காவில் வாக்கர் என்னும் அம்மையார் பூடில் இன நாய்களை வளர்த்து வந்தார். சுருள்மயிர் கத்தரித்து அழகு செய்யப்படும் அந்நாய்களை, மூளையற்ற ஒப்பனைப் பொம்மைகள் என்று பிறர் எள்ளினர். அந்த இழிசொல்லைத் துடைக்கவே, 1933-இல் நியூயார்க் மாநிலத்து மவுண்ட் கிஸ்கோவில் ஒரு போட்டி நடத்தினார். வந்தவை எட்டு நாய்கள். மூன்றே ஆண்டில், 1936-இல், அமெரிக்கக் கென்னல் கிளப் அதற்கு விதிகளை வகுத்தது. பிரிட்டனின் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் காட்சியிலும் 1955 முதல் இப்போட்டி இடம்பெற்றது. இந்தியாவின் நாய்க் காட்சிகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

அழகுப் போட்டியில் நாயின் உருவம் மதிப்பிடப்படும். இங்கோ, நாயும் அதனை நடத்துபவரும் ஒன்றாகவே மதிப்பிடப்படுகின்றனர். இடக்காலை ஒட்டி நடத்தல், வாரின்றியும் அவ்வாறே நடத்தல், சொன்னவுடன் அமர்தல், படுத்தல், அழைத்தவுடன் நேரே வந்து முன் அமர்தல், எறிந்த மரக்கட்டையைக் கவ்வி வருதல், உடையவர் விலகிச் சென்றாலும் இருந்த இடத்தில் இருத்தல் ஆகியவை இதன் உறுப்புகள். நாய் ஒரு சாண் விலகினாலும் மதிப்பெண் குறையும். இரண்டாம் முறை ஏவினாலும் குறையும். வட்டத்தினுள் தின்பண்டம் கொண்டு செல்லல் ஆகாது என்பதும் பொதுவான விதி.

இவ்விதியைச் சுட்டித்தான் பலர் கேட்பர்: பண்டம் காட்டிப் பழக்கிய நாய், பண்டமில்லாத வட்டத்துள் எப்படி அடங்கும்? இது கைக்கூலி அன்றோ? கேள்வி நியாயமானதே. விடை சோதனைச் சாலையிலிருந்து வந்தது.

1898-இல் தார்ண்டைக் என்னும் அமெரிக்க அறிஞர் பூனைகளைக் கூண்டில் இட்டு ஆராய்ந்து, நற்பயன் விளைத்த செயலை உயிர்கள் மீண்டும் செய்யும் என்று நாட்டினார். ஸ்கின்னர் அதனை விரித்தார். 1951 டிசம்பரில் 'சயன்டிபிக் அமெரிக்கன்' இதழில், விலங்குகளுக்குக் கற்பிக்கும் வகையைப் பொதுமக்களுக்காக அவர் எழுதினார். அதில் கூறிய நுட்பம் ஒன்றே ஒன்று: பரிசு செயலின் கணத்திலேயே சேர வேண்டும். நாய் அமர்கிறது, நாம் பையைத் துழாவி ரொட்டித் துண்டை எடுப்பதற்குள் அது எழுந்து நிற்கிறது, இப்போது கொடுத்தால் எழுந்ததற்கே பரிசு தந்ததாகும். இதற்கு மாற்றாகச் சிறுவர் விளையாடும் 'டிக் டிக்' கருவி போன்ற ஒன்றை அவர் பரிந்துரைத்தார். முதலில் அவ்வொலியையும் உணவையும் பலமுறை சேர்த்துத் தரவேண்டும். பின் ஒலியே 'இது சரி, பரிசு வருகிறது' என்று நாய்க்குச் சொல்லிவிடும்.

ஸ்கின்னரின் மாணவரான கெல்லர் பிரிலாண்டும் அவர் மனைவி மரியனும் 1940-களில் இம்முறையைத் தொழிலாகவே நடத்தி எண்ணற்ற விலங்குகளைப் பழக்கினர். ஆயினும் நாய் வளர்ப்போர் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஏற்கச் செய்தது கடல்! ஹவாயில் 1960-களில் டால்பின்களைப் பழக்கிய கேரன் பிரையர் அம்மையார், நீந்தி அகலும் உயிருக்குக் கழுத்துப்பட்டை பூட்ட இயலாது என்பதைக் கண்டு, ஊதலையும் மீனையும் கொண்டே கற்பித்தார். 1984-இல் அவர் எழுதிய நூல், அம்முறையை நாய் வளர்ப்போரிடையே பரப்பியது.

கைக்கூலிக்கும் பரிசுக்கும் வேற்றுமை இதுவே. கைக்கூலி செயலுக்கு முன் காட்டப்படுவது. பரிசு செயலுக்குப் பின் வருவது. தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் கொடுத்து, நாய் கற்றபின் சில முறைக்கு ஒன்றாகவும், எப்போது வரும் என்று அறிய முடியாதவாறும் கொடுத்தால், அது முன்னினும் ஊக்கத்தோடு உழைக்கும். பரிசுச் சீட்டு வாங்குவோரை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. இறுதியில் வட்டத்துள் பண்டமின்றியே நாய் தன் பணியை முடிக்கும். வெளியே வந்தபின் பெறும்.

வெளிமாநிலத் தமிழர் வீடுகளில் ஒரு தனித் தொல்லை உண்டு. தந்தை 'உட்கார்' என்பார்; பள்ளிப் பிள்ளை 'சிட்' என்பான்; வேலைக்கு வரும் அம்மாள் கன்னடத்தில் 'கூத்கோ' என்பார். நாய் மூவரையும் மாறிமாறி நோக்கி நிற்கும். அதனை மந்தமானது என்று பழிப்பர். மும்மொழித் திட்டம் மக்களுக்கே கடினம் எனில், நாயைக் குறை கூறுவது எவ்வாறு? எச்சொல்லாயினும் ஒரு சொல்லாகக் கொள்க.

போட்டி வட்டத்தில் தவறினால் மதிப்பெண் போகும்; உயிர் போகும் இடங்களும் உண்டு. பெங்களூரின் தெற்கே, பன்னார்கட்டாக் காட்டின் பக்கமாயுள்ள தாரலுவில், மத்திய ரிசர்வ் காவற்படை 2011-இல் நாய் வளர்ப்புக்கும் பயிற்சிக்கும் ஒரு பள்ளியை நிறுவியது. பெல்ஜிய மாலினுவா நாய்களுக்குப் பெயர்பெற்ற இடம் அது. புதைத்த வெடியை மோந்தறியும் நாய் குரைத்தலும் பிறாண்டுதலும் ஆகா. வாசம் கண்ட இடத்தில் ஓசையின்றி அமரவேண்டும். அவ்வமர்வுக்குக் கிடைப்பது பந்தோ, ஒரு தட்டிக்கொடுத்தலோ. அடிக்கு அஞ்சிக் கற்ற நாய், ஆசானின் முகத்தைப் பார்த்து, அவரை மகிழ்விக்கப் பொய்யாகவும் அமரும். ஐயமுற்ற இடத்தை அஞ்சிக் கடந்தும் போகும். பின்னால் வருவோர் அந்நிலத்தில் காலை வைப்பவர் அல்லரோ? இங்கே அன்பு என்பது வெறும் மென்மை அன்று. கணக்குப் பார்த்துக் கொண்ட முறை.

நம் நாட்டு வேட்டை நாய்கள் பழக்கத்துக்கு வாரா என்னும் ஒரு சொல்லும் நெடுநாள் வழங்கியது. தமிழகத்து இராசபாளையமும் சிப்பிப்பாறையும், கருநாடகத்து முதோளும் கண்ணால் இரையைக் கண்டு தாமே முடிவு செய்து ஓடும் இயல்பின. மிரட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இராசபாளையமும் முதோளும் 2005-இல் இந்திய அஞ்சல் தலையில் இடம்பெற்றன; ஆனால் அஞ்சல் தலையில் ஏறுவது வேறு, பணியில் ஏறுவது வேறு. குவாலியரை அடுத்த தேகன்பூரில் எல்லைக் காவற்படை நடத்தும் பள்ளியில் நாட்டு நாய்களையும் பழக்கத் தொடங்கினர். 2024-இல் இலக்னோவில் நடந்த அகில இந்தியக் காவல் பணிப் போட்டியில், ரியா என்னும் முதோள் நாய், பெயர்பெற்ற அயல்நாட்டு இனங்களையெல்லாம் பின்னிறுத்தி முதலிடம் பெற்றது. முதோள் நகரம் பாகல்கோட்டை மாவட்டத்தது. காளி பொருது வீழ்ந்த கன்னட நாட்டின் வடபாகம்.

கப்பன் பூங்காவில் அண்மை ஆண்டுகளில் ஞாயிறு காலைகளில் நாய்களோடு கூடுவோர் பலர். பையில் உலர்ந்த ஈரல் துண்டும் கையில் 'டிக்' கருவியுமாக நடப்போரை ஆங்கே காணலாம். அங்கிருந்து நடந்தே அருங்காட்சியகத்தை அடையலாம். போகும் அன்பர்கள், இராசாதித்தன் வீழ்ந்த செய்தியைப் படித்தபின், ஆதகூர்க் கல்லின் இறுதிப் பகுதியையும் கேட்டறிந்து வருக. கோயிலைப் பார்க்கும் பூசகன் அக்கல்லுக்கு வழிபாடு செய்யாமல் உணவு உண்ணலாகாது. உண்டால், அந்நாய் செய்த பாவமெல்லாம் அவனைச் சேரும் என்று அதில் பொறித்திருக்கின்றனர்.