புள்ளி மறைந்த எழுத்து

‘எரி’ என்றால் நெருப்பு. ‘ஏரி’ என்றால் நீர். பழைய ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் இரண்டும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எகர ஒகரக் குறில்களுக்கும் மெய்களுக்கும் புள்ளி உண்டு என்பது தொல்காப்பியம். ஆனால் எழுத்தாணி பிடித்தவர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள். குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பார்கள். சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. தமிழ் தெரிந்தவன் தானே கண்டுகொள்வான் என்ற நம்பிக்கைதான்!

இன்று கணிப்பொறியில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தடித்த எழுத்துக்காக இடும் நட்சத்திரக் குறிகளைச் சில செயலிகள் மறைத்து வைக்கின்றன. அந்த வரிக்குப் போனால்தான் அவை தலைகாட்டும். எப்போதும் தெரிய வேண்டுமா, கூடாதா என்பதை நாமே அமைத்துக் கொள்ளலாம்.

அந்த வசதி ஏட்டுக்கு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் தந்தார். 1887இல் சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையர், புள்ளியற்ற ஏடுகளோடு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்து மலிவுப் பதிப்புகள் போட்டார். பண்டிதர்கள் சிலர் முகம் சுளித்திருக்கலாம்; என்னைப் போன்றவர்கள் படிக்க முடிந்தது அதனால்தான்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. வேறொன்றை வெளிக்காட்ட விரும்பினார். சீர் கணக்குப்படி சொல்லை வெட்டி அச்சிட்டால் கவிதை செத்துவிடும் என்பது அவர் கட்சி. பொருளும் உணர்ச்சியும் நிற்கும் இடத்தில் பாட்டை நிறுத்தினார். கம்பன் பலருடைய காதில் விழுந்தான். அதோடு நின்றாரா? தமக்கு ஒவ்வாத சொற்களை மாற்றினார். பல பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளினார். பிரித்துக் காட்டியதற்குக் கைகூப்புவேன். மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. மறைந்த குறியை மீண்டும் வரவழைக்கலாம், மாற்றிய சொல்லை எங்கே தேடுவது?

பக்கத்திலே தென்காசியில், 1446இல் விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன் பாட்டுகளைக் கல்லிலே விட்டுச் சென்றான். பின்னாளில் இந்தக் கோயிலைக் காப்பவர் யாரானாலும் அவர் காலில் விழுகிறேன் என்பது ஒரு பாட்டின் கருத்து. ஒரு மன்னனின் வேண்டுகோள், படிப்பவன் சரியாகப் படிப்பான் என்று நம்பி ஐந்து நூற்றாண்டு காத்திருந்தது. சிதைந்து நெடுங்காலம் நின்ற கோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது.