நாரத்தையும் விளாவும்: ஒரு விலைக்கணக்கின் வரலாறு

இரு பொருள்களின் கூட்டு விலையைத் தந்து தனித்தனி விலையைக் கேட்கும் கணக்கு, இன்று ஒன்பதாம் வகுப்பில் நேரியல் சமன்பாடுகள் என்னும் தலைப்பின்கீழ் வருகிறது. எக்ஸ், ஒய் என்னும் எழுத்துகளோடு வருவதால் அதனை மேலைநாட்டுச் சரக்கு என்று கருதுவோர் உண்டு. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுவோரும் உண்டு. ஏடுகள் காட்டும் உண்மை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணர் மகாவீரர். அவர் வடமொழிச் செய்யுளில் இயற்றிய 'கணிதசாரசங்கிரகம்' என்னும் நூலைச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எம். ரங்காசாரியா ஏடுகளிலிருந்து பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1912இல் சென்னையில் வெளியிட்டார்.

அதில் ஒரு கணக்கு. 9 நாரத்தங்கனியும் 7 விளாங்கனியும் சேர்ந்து 107 பணம். 7 நாரத்தையும் 9 விளாவும் சேர்ந்து 101 பணம். ஒவ்வொரு கனியின் விலை யாது? மகாவீரர் தரும் வழி எளிது. 107ஐ 9ஆல் பெருக்கினால் 963, 101ஐ 7ஆல் பெருக்கினால் 707, வேறுபாடு 256. 9, 7 ஆகியவற்றின் வர்க்க வேறுபாடு 32. வகுத்தால் நாரத்தை 8 பணம். எனவே விளா 5 பணம்.

ஆனால் இரு எண்களும் இடம் மாறி வந்தால்தான் இவ்வழி செல்லும். பெரம்பலூர்ச் சந்தையில் 3 கிலோ சின்ன வெங்காயமும் 2 கிலோ நிலக்கடலையும் 340 ரூபாய், 1 கிலோ வெங்காயமும் 4 கிலோ கடலையும் 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இங்கே அந்த விதி உதவாது. முதல் கூற்றை இரட்டித்து, இரண்டாவதைக் கழிக்க வேண்டும். கடலை நீங்கி, 5 கிலோ வெங்காயம் 200 ரூபாய் என நிற்கும். வெங்காயம் கிலோ 40, கடலை 110.

இத்தகைய பொதுமுறைக்குத் தெரியாத பொருள்களுக்குப் பெயர் வேண்டும். அதனை 628இலேயே பிரம்மகுப்தர் செய்தார். கருமை, நீலம், மஞ்சள், செம்மை என நிறங்களின் பெயரால் அவை சுட்டப்பட்டன. 1150இல் பாஸ்கரர் 'பீஜகணித'த்தில் அம்முறையை விரித்தார். எக்ஸ் இருக்கும் இடத்தில் அன்று ஒரு நிறம் இருந்தது.

தமிழ் மரபு வேறு வழியில் சென்றது. கொறுக்கையூர்க் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' நிலம், பொன், நெல், அரிசி என்று பொருள்வாரியாகக் கணக்குகளை வகுத்துச் செய்யுளில் விதி கூறியது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாயிற்று. களத்திலும் கடையிலும் உடனே விடை காண்பதற்கான கல்வி அது. குறியீடு அதன் நோக்கமன்று. இதைக் குறை என்பதினும் பயன் வேறு என்பதே பொருந்தும்.

இவ்வரலாறு இன்றைக்கும் வேண்டுவதே. பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் சந்தைக் கணக்கை மனத்தாலேயே போடும் பிள்ளைகள், அதே கணக்கு எக்ஸ், ஒய் என வந்ததும் திகைக்கிறார்கள். அவர்களுக்குத் தடையாவது கூட்டலோ கழித்தலோ அன்று. வாக்கியத்தைச் சமன்பாடாக மாற்றும் அந்த ஒரு படியே. அஃது ஒருவகை மொழிபெயர்ப்பு. கணக்காசிரியரோடு தமிழாசிரியரும் அங்கே துணைநிற்கலாம்.