ஏழு பேரின் குரலும் ஓர் ஊரின் கருத்தும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். கருத்துக் கணிப்பு என்னும் நவீன கலையின் தத்துவம் முழுவதும் இப்பழமொழியில் அடங்கிக் கிடக்கிறது. ஆயினும், பானையில் உள்ள அரிசி அனைத்தையும் ஒரே நீரும் ஒரே வெப்பமும் சென்றடைகின்றன. ஒரு நாட்டின் மக்கள் அவ்வாறு ஒரே பானையில் வேகின்றனரா? இதுவே நாம் எழுப்பவேண்டிய முதல் வினா.

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலுக்கு முந்திய வாரங்களில், ஒலுவிலின் தேநீர்க்கடைகளிலும் கணிப்புகளே பேச்சாயின. "இம்முறை யாருக்குக் காக்கா?" என்று கேட்டால், தம் எண்ணத்தைச் சொல்லவேண்டியவர்கள் கைப்பேசியில் கண்ட எண்ணைச் சொன்னார்கள். மக்களின் கருத்தை அளக்கப் பிறந்த கருவி மக்களின் கருத்துக்கே பதிலியாகிவிடும் விந்தையை அன்று கண்டோம்.

இக்கருவியின் வரலாறு நமக்குப் பாடம் புகட்டவல்லது. 1936இல் அமெரிக்காவின் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் சஞ்சிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல்வழிச் சீட்டு அனுப்பியது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைப் பெற்றது. லாண்டனே வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட்டோ 60 சதவீதத்துக்கும் மேலான வாக்குகளுடன் வென்றார். பிழை எங்கே நேர்ந்தது? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் பட்டியல்களிலிருந்து பெயர்கள் பெருமளவில் எடுக்கப்பட்டன. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற ஏழைக்குத் தொலைபேசி ஏது? விடை எழுதி அனுப்பாதவர்களின் மனமும் கணக்கில் வரவில்லை. மிகக் குறைந்த தொகையினரை வினவிய காலப், வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். ஆனால் அதே காலப், 1948இல் டூயி வெல்வார் என்று கூறித் தோற்றார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பே வினவுவதை நிறுத்தியது அதற்கொரு காரணம். எண்ணிக்கையின் பெருமை உண்மையாகிவிடாது. நேற்றைய கருத்து இன்றைய வாக்காகிவிடாது.

நம் நாட்டின் வரலாறு மேலும் கசப்பான பாடங்களைத் தருகிறது. முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982இல் நடைபெற்றது. 1988இல், பயங்கரத்தின் நிழலில், வாக்காளரில் 55 சதவீதத்தினரே வாக்களித்தனர். 2005இல் மகிந்த ராஜபக்சவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 1,80,786 வாக்குகள் மட்டுமே. புலிகள் பகிஷ்கரிப்பை நடைமுறைப்படுத்திய யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர் ஒன்றேகால் சதவீதத்தையும் எட்டவில்லை. மனத்தில் உள்ள விருப்பத்தைக் கேட்டு எழுதலாம். அவ்விருப்பம் வாக்குச்சாவடி வரை நடந்துசெல்ல விடப்படுமா என்பதை எந்தக் கணிப்பாளர் அளப்பார்?

2014இன் இறுதியில் மகிந்த ராஜபக்ச, பதவிக்காலம் இரண்டு ஆண்டுகள் எஞ்சியிருக்கவே, சோதிடரின் நாட்கணக்கை நம்பித் தேர்தலுக்குச் சென்றார். 2015 ஜனவரி 8ஆம் திகதி தோற்றார். கிரகங்களை நம்புவதிலும் மக்களை வினவுவது மேலானதென்பதில் நமக்கு ஐயமில்லை. வினவும் முறையை ஆராயாமல் நம்புவதுதான் புதிய சோதிடம்.

2024இல் சுகாதாரக் கொள்கை நிறுவனம் வெளியிட்ட கணிப்பு முறைமையுள்ள முயற்சி. எழுந்தமானமாகத் தெரிந்த கைப்பேசி எண்களை அழைத்து வினவி, முந்திய தேர்தல்களின் வாக்குகளோடு ஒப்பிட்டு நிறைசெய்து, வழுவெல்லையையும் அது கூறியது. தேர்தலுக்கு முன் அநுர குமார திசாநாயக்க முதலிடத்தில் இருப்பதாக அது காட்டியதும் பொருந்தியது, அவர் 42.31 சதவீதம் பெற்றார். எவரும் பாதியைத் தாண்டாமையால் இரண்டாம் விருப்பு வாக்குகள் நம் வரலாற்றில் முதன்முறையாக எண்ணப்பட்டன.

நம் ஊருக்கு அக்கணிப்புகள் என்ன சொல்ல இயலும்? வகுப்பறையில் செய்யத்தக்க கணக்கு இது. நாடெங்கும் 500 பேரை வினவியதாகக் கொள்வோம். வாக்காளர் ஒரு கோடியே 71 இலட்சம் பேரில் அம்பாறை மாவட்டத்தார் ஐந்தரை இலட்சம். ஆகவே 500 பேரில் இம்மாவட்டத்தவர் சுமார் 16 பேர். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 சதவீதம். எனவே அவர்கள் ஏழு பேர்! ஒன்றை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வழுவெல்லை அண்ணளவாகக் கிடைக்கும். 500 பேருக்கு அது நாலரை சதவீதம். 16 பேருக்கு 25 சதவீதம். நாட்டுக்குப் பொருந்தும் எண் நம் மாவட்டத்துக்கு வெறும் ஊகமே. நெல் மூடையின் மேல்வாயில் மட்டும் கைவிட்டுப் பார்த்து விலைபேசும் வியாபாரி எவனும் நம் பகுதியில் இல்லை.

ஆனால் கணிப்பை மட்டும் குறைகூறி அமைவது நேர்மையன்று. கணிப்புகள் வருமுன்பே நம் கரையில் வேறொரு கணிப்பு இருந்து வந்தது. "என் மக்கள் என் பக்கம்" என்னும் தலைவர்களின் கூற்றே அது. அதனால் பயனே விளையவில்லை என்று சொல்லோம். 1988இல் அஷ்ரப் தலைமையிலான முஸ்லிம் காங்கிரஸ் பிரேமதாசவை ஆதரித்தபோது, பாராளுமன்றப் பிரதிநிதித்துவத்துக்கான வெட்டுப்புள்ளி 12.5இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. சிறுபான்மையோர் அனைவருக்கும் கிடைத்த பேறு அது. ஆயினும் காலப்போக்கில் பேரம் நிலைத்தது. மக்களைக் கேட்பது மறைந்தது.

2019இலும் 2024இலும் முஸ்லிம் காங்கிரஸ் சஜித் பிரேமதாசவையே ஆதரித்தது. இரு முறையும் மாவட்டத்தில் அவரே முன்னின்றார். ஆனால் ஏறத்தாழ 63 சதவீதமாக இருந்த வாக்கு 47 சதவீதமாகச் சரிந்தது. எல்லாச் சமூகத்தாரும் அடங்கிய எண் இது என்பதை மறவோம். எனினும் 'வென்றார்' என்ற ஒரு சொல்லுக்குள் இச்சரிவு ஒளிந்துகொண்டது. அதே ஆண்டு நவம்பர் 14ஆம் திகதிப் பாராளுமன்றத் தேர்தலில் இதே மாவட்டத்தில் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெற்றது. இரண்டு மாதத்தில் மாறக்கூடிய மனங்களை எவர் தம் பெட்டகத்தில் பூட்டிவைக்க முடியும்?

இன்னொன்றும் உண்டு. கணிப்பில் விடையளிப்பவன் தொழிலாளியாக இருக்கலாம். வினாவை எழுதுபவன் அவனல்லன். ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. கரை அரிக்கப்பட்டது, துறைமுக வாயில் மணல் நிறைந்தது, மீனவனின் தோணி தங்க இடம் தேடியது. 'யாருக்கு வாக்களிப்பீர்?' என்று அவனைக் கேட்கும் கணிப்பு, 'உமது கரை எங்கே போயிற்று?' என்று கேட்பதில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! அடுத்த தேர்தலிலும் எண்கள் வரும். எத்தனை பேரைக் கேட்டார்கள், எவரை விட்டார்கள், எப்போது கேட்டார்கள், வினாவை எழுதியவர் யார், செலவு எவருடையது என்னும் ஐந்து கேள்விகளை மாணவர் கற்றுக்கொள்ளட்டும். கணிப்பாளரிடம் மட்டுமன்று, நம் பெயரால் பேரம் பேசும் தலைவரிடமும் அவற்றைக் கேட்கட்டும். ஏழு பேரின் குரல் ஓர் ஊரின் கருத்தாகாது. ஒருவரின் குரல் எப்படி ஆகும்?